சிவப்புக் குமிழ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தங்கச்சி வீட்டுக்காரர் போன் எடுத்தார். நுவரெலியா மாவட்டத்தில், ராகலைப் பக்கம் லீக்ஸும் கரட்டும் போடுகிற குடும்பம். இத்தனை வருடமும் வாடகை லொறியில் மரக்கறி ஏற்றி அனுப்பியவர், இப்போது சொந்தமாக ஒரு கெப், அதாவது பின்னால் திறந்த தட்டு உள்ள பிக்கப் வண்டி, எடுக்கப் போகிறார். கையில் இருக்கிற காசுக்கு இரண்டு வண்டி பார்த்து வைத்திருந்தார். ஒன்று, அதிகம் ஓடாத டூ வீல் சிங்கிள் கெப்; பின் சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும், ஒரே வரிசை சீட். மற்றது முப்பது வருடம் உழைத்த ஃபோர் வீல் டபுள் கெப்; நாலு சக்கரமும் இழுக்கும், இரண்டு வரிசை சீட். விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

"மச்சான், நீங்க ரெண்டையும் ஓட்டியிருக்கீங்க. எதை எடுக்கட்டும்?"

"இப்போ சொல்ல மாட்டேன் மாப்ள. ஒரு மழை நாள்ல உங்க ரோட்டை நடந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

இளையதையும் கிழத்தையும் ஒரே விலைக்குச் சொல்கிறார்களே என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் உள்ளூரில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலை ஏறின. அதிலும் பழைய டீசல் ஃபோர் வீல் கெப் வைத்திருப்பவர் அதை நகை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார். அதனால் மச்சானுக்கு முன்னால் இருந்தது சின்னக் கேள்வி இல்லை. அந்தக் காசைச் சேர்க்க அவர்களுக்கு எத்தனை போகம் ஆனது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு அக்கரப்பத்தனைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிறது. தார் ரோட்டில் இருந்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஐந்து கிலோமீட்டர். அப்பா தோட்டத்து லேண்ட் ரோவர் ஓட்டியவர். துரை, அதாவது தோட்ட மேலாளர், மலை பார்க்கப் போவதற்கு வைத்திருந்த பழைய சீரிஸ் வண்டி அது. பெரிய கியர் லீவருக்குப் பக்கத்தில் வேறு இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. மஞ்சளைக் கீழே அமுக்கினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் வண்டி 'லோ'வுக்கு, அதாவது இன்னும் மெதுவான கியருக்கு, போகும். அப்போது நாலு சக்கரமும் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

வண்டி கழுவுகிற நாளில் என்னை உள்ளே உட்கார வைப்பார். "மஞ்சள் ஏற, சிவப்பு இறங்க" என்பார். எனக்கு அப்போது ஏழு வயது. சிவப்புக் குமிழைப் பிடித்துக்கொண்டு வாயால் இன்ஜின் சத்தம் போட்டது ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்னதன் அர்த்தம் விளங்க எனக்கு இன்னும் முப்பது வருடம் ஆனது.

அது தொடங்கியது 2019 நவம்பர் மாதம். அப்போது எங்களிடம் இருந்தது ஒரு டூ வீல் சிங்கிள் கெப். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். காலையில் மேலே பசளை, சீமெந்து, விதைக் கிழங்கு ஏற்றிப் போகும். பின்னேரம் மரக்கறியோடு கீழே வரும். மழைக்கு டயரில் சங்கிலி சுற்றிக்கொள்வோம். நாலு வருடம் அப்படித்தான் ஓடியது.

அன்று இரவு ஒன்பது மணி இருக்கும். பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு வலி வந்துவிட்டது. தலைப் பிரசவம். தோட்டத்து லொறி அன்றைக்கு இல்லை. அம்புலன்ஸ் தார் ரோட்டு முனை வரைக்கும்தான் வர முடியும். அதற்கு மேலே ரோட்டு விடாது. பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைத்து, அவள் அம்மாவைப் பக்கத்தில் ஏற்றினோம். தட்டில் ஒன்றும் இல்லை, வெறும் வண்டி.

எங்கள் ரோட்டில் முதல் மூன்று கிலோமீட்டர் எவரும் ஓட்டலாம். அதற்கப்புறம் கோயிலடி வளைவு. அங்கிருந்து முந்நூறு மீட்டர் செங்குத்தான இறக்கம், பழைய காலத்தில் பாவிய கல். மேல் பக்கம் கான், மழைத்தண்ணீர் வடிகிற வாய்க்கால். அது நிரம்பி வழிந்தால் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் பாயும். கல்லில் பாசி, பாசியின் மேல் மலையில் இருந்து கழுவி வந்த சிவப்பு மண். நான் முதல் கியர் போட்டு, பிரேக்கைத் தொடாமல் மெல்ல விட்டேன். அதுதான் சரி என்று எல்லோரும் சொல்வார்கள். பத்து மீட்டர் போயிருக்காது, பின் பக்கம் பள்ளத்தை நோக்கித் திரும்ப ஆரம்பித்தது. ஸ்டியரிங் நேராக இருக்கிறது, முன் சக்கரம் நேராகப் போகிறது, முதுகு மட்டும் தன்பாட்டில் நழுவுகிறது. பக்கத்தில் அந்தப் பிள்ளை டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் இருந்தாள். பின் டயர் ஒரு கல்லில் முட்டி வண்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகள் இரண்டு வரிசை. அப்புறம் ஒன்றும் இல்லை.

அப்பா டோர்ச்சோடு முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலே திரும்பி லயத்துப் பொடியன்களைக் கத்திக் கூப்பிட்டார். எட்டுப் பேர் ஓடி வந்தார்கள். அவர்களைத் தட்டுக்குள் ஏறி, பின் அச்சுக்கு மேலே நெருக்கி நிற்கச் சொன்னார். எட்டுப் பேரின் பாரம் பின்னால் அழுந்தியதும் வண்டி வேறு வண்டியானது. அதே கல், அதே மண், அதே முதல் கியர். வழுக்கவில்லை. இறக்கம் முடியும் வரை அந்தப் பொடியன்கள் மழையில் தட்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் மகனுக்கு இப்போது ஆறு வயது; எங்கள் வீட்டு வாசலில்தான் விளையாடுவான்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் அப்பா ஒன்று சொன்னார். "ஏறும்போது நின்னுட்டா பின்னால உருட்டி மறுபடி எடுக்கலாம். இறங்கும்போது நிக்காட்டி எங்க போய் எடுக்கிறது?"

ஃபோர் வீல் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சேற்றில் மாட்டியது, இழுத்தது, ஏறியது என்றே கதை இருக்கும். எங்கள் ஊரில் வண்டி மேலே ஏறாவிட்டால் பசளை ஒரு நாள் பிந்தும், அவ்வளவுதான். இறக்கத்தில்தான் ஆட்கள் போகிறார்கள்.

அந்த இரவு நடந்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டி தேர்வு செய்வது இதில்தான் இருக்கிறது. காலால் பிரேக் அமுக்கினால் எந்த வண்டியிலும் நாலு சக்கரமும் பிடிக்கும். ஃபோர் வீல் என்பதற்காகப் பிரேக் ஒன்றும் கூடப் பிடிக்காது. இன்ஜினால் பிடிப்பது வேறு. கியரில் போட்டு விட்டு இறக்கும்போது இன்ஜின் வண்டியைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். அந்தத் தடுப்பு எந்தச் சக்கரத்துக்குப் போகிறது? டூ வீல் கெப்பில் பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும். இறக்கத்திலோ வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. தட்டும் வெறும் தட்டு என்றால் பின் பக்கத்தில் அழுத்தமே இல்லை. அழுத்தம் இல்லாத சக்கரத்தை இன்ஜின் பிடித்து நிறுத்தினால் அது உருளாமல் வழுக்கும். வழுக்குகிற பின் பக்கம் சும்மா இருக்காது, பக்கவாட்டில் போகும். எட்டுப் பேர் ஏறி நின்றதும் அது நின்றுபோனது அதனால்தான். பாரம் ஏற்றி இறங்கினால் பின் சக்கரம் பிடிக்கும், ஆனால் ஒரு டன் கரட்டை முதல் கியர் மட்டும் தாங்காது. காலைப் பிரேக்கில் வைத்தபடியே இறங்க வேண்டி வரும். கொஞ்ச தூரத்தில் பிரேக் சூடாகி மணக்கும், அப்புறம் மிதி உள்ளே போகும்.

ஏற்றம் இதற்குத் தலைகீழ். ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாயும். தட்டில் மூட்டையும் இருந்தால் பின் சக்கரத்துக்கு நல்ல பிடி. பாரம் ஏற்றிய டூ வீல் கெப் ஏற்றத்தில் பலர் நினைப்பதைவிட நன்றாகவே ஏறும். வெறும் தட்டோடு சுழன்று நின்ற அதே இடத்தில், பத்து மூட்டை ஏற்றியதும் ஏறிப் போன வண்டியை நானே ஓட்டியிருக்கிறேன். ஆகவே நான் யாரிடமும் முதலில் கேட்பது, உங்கள் பாரம் மேலே போகிறதா கீழே வருகிறதா என்றுதான்.

இனி, அப்பாவின் மஞ்சள் சிவப்புக் குமிழ்களின் வேலையைச் செய்கிற சின்ன லீவருக்கு வருகிறேன். அந்தப் பிரசவம் முடிந்து நாலு மாதத்தில் நாங்கள் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீல் கெப் ஒன்று எடுத்தோம். மொடல் எல்.என்.106, 2.8 லீட்டர் டீசல். முன் அச்சு ஒரே துண்டு, முன்னாலும் தகட்டு ஸ்பிரிங். சின்ன லீவரின் தலையில் எச்2, எச்4, என், எல்4 என்று எழுதியிருக்கும். எச்2 சாதாரண ஓட்டம். எச்4இல் முன் சக்கரமும் சேரும். எல்4இல் அதோடு கியரும் இறங்கும். பழைய ஹைலக்ஸில் இரண்டேகால் மடங்கு அளவில் இறங்கும். பிறகு வந்தவற்றில் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலே. இந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஓட்டிப் பார்த்தால் தெரியும். எச்2இல் முதல் கியரைப் போட்டு எக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டால் வண்டி ஒரு ஆள் விரைந்து நடக்கிற வேகத்தில் போகும். எல்4இல் அதில் பாதி கூட இல்லை. கைத்தடியோடு போகிற பாட்டி உங்களை முந்திப் போவாள்.

அந்த வேகத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன். கோயிலடி வளைவில் வண்டியை நிறுத்துவேன். கீழே இறங்கி முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பை ஃப்ரீயில் இருந்து லொக்குக்குத் திருப்புவேன். லொக்கில் இருந்தால்தான் சக்கரம் முன் அச்சோடு சேரும். மழையில் விரல் விறைத்துப்போயிருக்கும். கடைசியில் அது 'டக்' என்று உட்காருவது கைக்குத் தெரியும். இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு ஏறி, கிளச்சை அமுக்கி, சின்ன லீவரை எல்4க்குக் கொண்டுபோவேன். வண்டி நின்றிருந்தால்தான் அது போகும். முதல் கியர் போட்டு, கிளச்சை விட்டு, இரண்டு காலையும் தரையில் வைத்துவிடுவேன். இன்ஜின் ஒரு முறை முனகும். பிறகு அது தன்பாட்டில் இறங்கும். இன்ஜினின் பிடி நாலு சக்கரத்துக்கும் பங்காகப் போவதால் பின் பக்கம் தனியாக இழுபடுவதில்லை. ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்குவது சீட்டில் தெரியும். பாசிக் கல்லில் எங்காவது ஒரு சக்கரம் அரை அடி நழுவும். மற்ற மூன்றும் விடாது. எந்தக் கல்லில் டயரை வைப்பது என்று யோசிக்க நேரம் இருக்கும். முதல் தடவை அப்படி இறங்கியபோதுதான் 'சிவப்பு இறங்க' என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

அதற்காக ஃபோர் வீல் எல்லாவற்றையும் செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். எங்கள் ரோட்டில் தண்ணீர் அறுத்த பள்ளம் குறுக்கே சரிவாகப் போகும். அதன் மேல் வண்டியை விட்டால் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நிற்கும். அச்சின் நடுவில், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அது தன் இரண்டு பக்கத்துச் சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்றப் பலமே தேவையில்லை. மண்ணில் நிற்கிற சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் போய்ச் சேரும். முன்னாலும் பின்னாலும் இதே கதையானால் ஃபோர் வீல் வண்டி இரண்டு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். பின் டிஃபரன்ஷியலில் லொக், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் வசதி, உள்ள டூ வீல் வண்டி இந்த மாதிரி இடத்தில் சில நேரம் ஃபோர் வீலை விட நன்றாக வெளியே வரும். வாங்கும்போது நாலு சக்கரமும் இழுக்குமா என்று மட்டும் கேட்காமல், பின்னால் லொக் இருக்கிறதா, பாதிப் பூட்டு மாதிரியான லிமிட்டட் ஸ்லிப் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்களுடையதில் இல்லை. அந்தப் பள்ளத்தைக் கல் போட்டு நிரப்பிவிட்டுத்தான் கடக்கிறோம். வண்டியில் எப்போதும் ஒரு மண்வெட்டி இருக்கும்.

செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். முன் டிஃப், இன்ஜினின் இழுப்பை முன்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் பெட்டி, அதில் இருந்து முன் அச்சுக்குப் போகிற முன் ஷாப்ட் எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு மூட்டை கரட்டின் பாரம் வரும். பாரம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் அதை வருடம் முழுக்கச் சுமக்க வேண்டும். ஒயில் மாற்ற வேண்டிய இடமும் கூடுகிறது. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்று, கியூஆர் காட்டி, வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கிய காலத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரும் எண்ணித்தான் ஓட்டினோம். அப்போது பக்கத்து டூ வீல் கெப்காரரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது உண்மை. ஹப்பை ஃப்ரீயில் விட்டால் முன் ஷாப்ட் சும்மா சுழலாது, கொஞ்சம் மிச்சம். தார் ரோட்டுக்கு வந்ததும் இறங்கி அதைத் திருப்பும் பழக்கம் எனக்கு அந்த வருடத்தில்தான் வந்தது.

இந்தப் பழைய வகை ஃபோர் வீலைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டவே கூடாது. வளைவில் முன் சக்கரம் போகிற தூரமும் பின் சக்கரம் போகிற தூரமும் வேறு. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லை. ஷாப்டுக்குள் முறுக்கேறிக்கொண்டே இருக்கும். மண்ணில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அதை விட்டுவிடும். தாரில் விடாது. எங்கள் பகுதிப் பொடியன் ஒருவன் நுவரெலியா வரைக்கும் எச்4இலேயே போய்விட்டு, லீவர் திரும்பவில்லை என்று நின்றான். பதறிப்போய் லீவரில் தொங்க வேண்டாம். நேராக ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போனால் முறுக்கு விட்டு லீவர் தானாக வரும். நாலு டயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டியதும் இதே காரணத்தால்தான். காசு இல்லை என்று பின்னால் மட்டும் புதுசு போட்டால் டிரான்ஸ்பர் பெட்டி அதற்கு விலை கொடுக்கும்.

பழைய ஃபோர் வீல் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன் ஷாப்டே இல்லாத ஃபோர் வீல் ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். எப்போதோ உடைந்ததும் கழற்றி வைத்துவிட்டார்கள். லீவர் மட்டும் அழகாக எச்4க்குப் போய் வருகிறது. ஹப்பை லொக் பண்ணி, எச்4 போட்டு, மண் தரையில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல ஓட்டுங்கள். வண்டி தயங்கித் தயங்கி, முன் பக்கம் அடம்பிடித்துப் போனால் முன் சக்கரம் உண்மையிலேயே வேலை செய்கிறது. சும்மா வழுவழுவென்று வட்டமடித்தால் சந்தேகப்படுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாக இருக்கிற மூட்டில் கிரீஸும் ஒயிலும் கலந்து கறுப்பாக வடிந்திருந்தால் சீல் போய்விட்டது, விலையில் பேசலாம். அப்புறம், உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாய்லாந்தில் இருந்து வருகிற பிரீரன்னர் வகை ஹைலக்ஸ் ஃபோர் வீல் மாதிரியே உயரமாக நிற்கும், இழுப்பது பின் சக்கரம் மட்டும். கல்லில் அடி தட்டாமல் போக உயரமே போதும் என்றால் அது நல்ல தெரிவு.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டை டயர் போட்ட ஃபோர் வீலைவிட நல்ல மட் டயர் போட்ட டூ வீலில் ஏறத்தான் எனக்கு மனம் வரும். வெறும் வண்டியில் 35 ராத்தல் காற்றை 22க்கு இறக்கினால் டயர் அகன்று சேற்றைப் பிடிக்கும். பாரத்தோடு அதைச் செய்யாதீர்கள். எங்கள் கூர்க்கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும்.

இவ்வளவும் எழுதும்போது எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. ஐந்து கிலோமீட்டர் ரோட்டுக்காக ஒரு குடும்பம் ஏன் வாழ்நாள் சேமிப்பை டிரான்ஸ்பர் பெட்டியில் போட வேண்டும்? தோட்டத்து ரோட்டு யாருடைய பொறுப்பு என்பதற்கு எங்கள் ஊரில் நேரான பதில் கிடைத்து நான் பார்த்ததில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தை 2018இல் திருத்திய பிறகுதான் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்ய வழி பிறந்தது. அதுவரைக்கும் வரி, வாக்கு எல்லாம் ஊருக்குள் இருந்தன, ரோட்டு மட்டும் ஊருக்கு வெளியில் இருந்தது. அதற்கப்புறம் சில இடங்களில் கொங்கிரீட் வந்திருக்கிறது. கொங்கிரீட் போட்ட முந்நூறு மீட்டர் எத்தனை வண்டிக்கு ஃபோர் வீல் தேவையில்லாமல் ஆக்கும் என்று யாராவது கணக்குப் போட்டால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண் சரிந்து பாதைகள் வரிசையாக மூடப்பட்டன. அப்போது என்னிடம் ஃபோர் வீல் இருக்கிறதே என்று பலர் வந்து கேட்டார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை. ஊறிப்போன மண் வண்டியின் பாரம் தாங்காமல் மொத்தமாக வெளிக்கிளம்பினால் நாலு சக்கரமும் அதோடுதான் போகும். அரிசியையும் மருந்தையும் தலையில் வைத்து நடந்து கொண்டுபோனோம். ஃபோர் வீல் கொடுக்கிற தைரியத்தில் போகக் கூடாத இடத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, மச்சானின் ரோட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை; ராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துக்கு ஒக்டோபருக்கு மேல்தான் கனத்த மழை. அதற்குக் காத்திருந்து போனேன். விடியற்காலையிலேயே தூறல். இருவரும் குடை பிடித்துக்கொண்டு நடந்தோம். அவருடைய காணி ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. பாத்தியில் இருந்து தார் ரோட்டுக்கு நூற்றைம்பது மீட்டர் ஏற்றம். இரண்டு சக்கரத் தடத்துக்கும் கொங்கிரீட் போட்டு, அதில் குறுக்கே கோடு கீறி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வளைவு. வளைவுக்கு வெளியே அகலமான புல் தரை. வழுக்கினாலும் போய் நிற்க இடம் உண்டு. நான் குனிந்து கொங்கிரீட்டைக் கையால் தேய்த்துப் பார்த்தேன். பாசி இருந்தது, ஆனால் கீறல் இன்னும் ஆழமாகத்தான் இருந்தது.

பாரம் மேலே வருகிறது. வெறும் வண்டி கீழே போகிறது. அதுவும் நூற்றைம்பது மீட்டர்தான். அதற்கு மேல் நுவரெலியா பொருளாதார நிலையம் என்கிற மரக்கறி மொத்தச் சந்தை வரைக்கும் தார்.

"மாப்ள, டூ வீலை எடுங்க" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். ஃபோர் வீல் மேல் அவருக்கு ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். டீசலில் மிச்சமாகிற காசில் பின்னால் இரண்டு நல்ல மட் டயர் போடச் சொன்னேன். மழைக்காலத்தில் வெறும் வண்டி கீழே இறங்கும்போது தட்டில் பின் அச்சுக்கு மேலே நாலு மண் மூட்டையைக் கட்டி வைக்கச் சொன்னேன்; எட்டுப் பேரின் கதையை அவருக்கும் சொன்னேன். வருடத்துக்கு ஒரு முறை பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து, "அண்ணே, நீங்க மட்டும் ஃபோர் வீல் வச்சிருக்கீங்களே" என்று கேட்டாள். "எங்க ரோட்டுக்கு நீ வந்து பாரு" என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் அவர் முதல் லோட் ஏற்றியபோது படம் அனுப்பியிருந்தார். தட்டு நிறைய லீக்ஸ், கொங்கிரீட் தடத்தின் நடுவில் வண்டி, பின் சக்கரம் நன்றாக அழுந்தி நிற்கிறது.

நேற்று நான் மேலே இருந்து கரட் ஏற்றி இறங்கினேன். மத்தியானத்தில் இருந்து மழை. அப்பா கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று கூட வந்தார். எழுபத்து மூன்று வயது, முழங்கால் வலி. கோயிலடி வளைவில் வண்டியை நிறுத்தினேன். நான் கதவைத் திறப்பதற்குள் அவர் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, பானட்டைப் பிடித்து மெல்லக் குனிந்து, இடது பக்க ஹப்பைத் திருப்பினார். அப்புறம் சுற்றி வந்து வலது பக்கம். ஏறி உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டே சின்ன லீவரை ஒரு தடவை பார்த்தார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்ப்பா."

"அப்ப காலை எடு."